படித்துக் காட்டக் கேட்டேன், சரி

வேதாரண்யத்துக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அங்கே பிரெஞ்சுக்கார சிஸ்டர்கள் கட்டிய பழைய கன்னியர் மடம் ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் அநாதைக் குழந்தைகளை வளர்த்த இடம். இப்போது மிச்சம் இருந்தது வயதான சிஸ்டர்கள் ஆறு பேர், பின்பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளி, ஒரு பீரோ நிறைய லத்தீனில் எழுதிய பதிவேடுகள்.

பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ள சிஸ்டர் எமரன்சியாவை அனுப்பியிருந்தார்கள். முப்பத்து நான்கு வயது. ரோமில் நாலு வருஷம் லத்தீன் படித்தவர். அதிகம் பேசமாட்டார்.

ஓர் அக்டோபர் காலையில் அவர் அறைக்குள் காக்கி உடுப்போடு ஒரு பெண் நுழைந்தார். அந்த ஊர்க் காவல் நிலையத்தின் ஏட்டம்மா. ஐம்பத்திரண்டு முடியப் போகிறது. பெயர் பிபியானா.

மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குழந்தை வந்து சேர்ந்த நாளில் எந்தப் புனிதரின் திருநாளோ அந்தப் பெயரையே வைத்துவிடுவார்கள். டிசம்பர் இரண்டு புனித பிபியானாவின் நாள். அதுவே இவருக்குப் பெயர், அதுவே பிறந்தநாள். ஊரில் யார் வாயிலும் அந்தப் பெயர் நுழையவில்லை. கான்ஸ்டபிள்கள் முதுகுக்குப் பின்னால் பியானோ அம்மா என்பார்கள். அது காதில் விழுந்த அன்றைக்கு யாராவது லாக்கப்பைக் கழுவ வேண்டியிருக்கும்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தெட்டு, டிசம்பர் ரெண்டு. அந்தப் பக்கத்தைப் படிச்சுச் சொல்லுங்க சிஸ்டர்.”

“உக்காருங்கக்கா.”

“உக்கார நேரமில்ல. பொங்கல் முடிஞ்சதும் புஸ்தகத்தையெல்லாம் பிரான்சுக்கு அனுப்பறீங்களாமே?”

“ஆமா. மடத்தை மூடறாங்க. எல்லாம் தாய்மடத்துக்குப் போகுது.”

“அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். எங்கம்மா என்னைக் குடுத்தாளா, எறிஞ்சாளா?”

திருட்டுப் போன சைக்கிள் என்ன நிறம் என்று விசாரிக்கிற அதே குரலில்தான் கேட்டார். 

“இதுக்கு முன்னாடி யாரும் படிச்சுச் சொல்லலையா?” என்று கேட்டார் சிஸ்டர்.

“நாலு பேர் சொல்லிட்டாங்க.”

ஏட்டம்மா விரல் மடக்கினார். ஏழு வயதில், சமையல் செய்த தெரசம்மா சொன்னது: மழையில் கேட்டுக்கு வெளியே கூடையில் கிடந்தாய். கல்யாணத்துக்கு முந்தின நாள் மதர் சொன்னது: பெரியாஸ்பத்திரியில் உன் தாய் செத்துப்போனாள், நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். காவல்காரர் மிக்கேல் குடித்துவிட்டுச் சொன்னது: யாரோ ஓர் ஆள் உன்னைக் கோயில் படியில் போட்டுவிட்டு ஓடினான். பழைய டீச்சர் சிஸ்டர் சாகும் முன் கடிதத்தில் எழுதியது: உன் அம்மாவேதான் கொண்டுவந்தாள்.

“நாலு பேரும் ரிஜிஸ்டர்ல அப்படித்தான் இருக்குன்னாங்க.”

“நீங்க யாரை நம்பினீங்க?”

“யாரையும் நம்பல.”

“நான் அஞ்சாவது ஆள்.”

“நீங்க படிங்க. எழுதினதைப் படிக்கிறவங்க யாரு, எழுதாததைப் படிக்கிறவங்க யாருன்னு எனக்குத் தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

ஏட்டம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார்.

சிஸ்டர் எழுந்து பீரோவைத் திறந்தார். தடித்த ஒரு பதிவேட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

“தாய் மிகவும் நோயுற்றிருந்தாள். குழந்தையை முத்தமிட்டாள். இவளைக் கைவிட எனக்கு மனமில்லை என்று சொல்லிக் கொடுத்தாள்.”

ஏட்டம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்தது. கைக்குட்டையைத் தேடினார். கைக்குட்டை கிடைப்பதற்குள் முகம் மாறிவிட்டது.

“முழுசும் படிச்சீங்களா?”

சிஸ்டரின் விரல் அந்த வரியிலேயே இருந்தது.

“எதாச்சும் விட்டுட்டீங்களா? எனக்கு வருத்தமா இருக்கும்னு எதையாச்சும் மாத்திச் சொன்னீங்களா?”

சிஸ்டர் பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கமாகத் தள்ளினார். மேலே 1931 என்று இருந்தது. ஓரத்தில் ஒரு கொட்டகையின் படம் வரைந்திருந்தது.

“இது மாட்டுக் கொட்டகைக்குக் கூரை மாத்தின குறிப்பு. இதுல தாயும் இல்ல, குழந்தையும் இல்ல.”

லத்தி மேசையில் இடித்தது. மைக்கூடு உருண்டது.

“என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? கன்னியாஸ்திரீ பொய் சொல்லலாமா?”

“கூடாது. அதனாலதான் உடனே காட்டிட்டேன்.”

வெளியே பள்ளிக்கூடத்து மணி அடித்தது. 

“உங்க பக்கத்தை நான் இன்னும் பாக்கல,” என்றார் சிஸ்டர். “நீங்க சொன்னா இப்பவே எடுத்துப் படிக்கிறேன். ஒரு நிமிஷ வேலை. ராத்திரி வீட்டுக்குப் போய், முழுசும் படிச்சாளான்னு யோசிக்க மாட்டீங்கன்னா சொல்லுங்க.”

“போட்டோ புடிச்சு வேற யாருகிட்டயாவது காட்டிக்கறேன்.”

“காட்டுங்க. அவர் ஆறாவது ஆள்.”

ஏட்டம்மா கதவு வரை போனார்.  பிறகு திரும்பி வந்து, உருண்ட மைக்கூட்டை நிமிர்த்தி வைத்தார்.

“இந்த லத்தீனை நானே கத்துக்க எத்தனை நாளாகும்?”

“மூணு மாசம் இருக்கு.”

லத்தீன் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் மேசையில் ஆரம்பிக்கும். மென்ஸா என்றால் மேசை. சிஸ்டர் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு, சிலேட்டில் ஒரே ஒரு சொல்லை எழுதினார்.

“இது என் பேரு,” என்றார் ஏட்டம்மா.

“இதான் முதல் பாடம்.”

பிபியானா வந்தாள் என்றால் பிபியானா. பிபியானாவைப் பார்த்தேன் என்றால் பிபியானாம். பிபியானாவுக்குக் கொடுத்தேன் என்றால் பிபியானே. பெயர் அதேதான், வால் மட்டும் மாறுகிறது.

“நம்ம வேற்றுமை உருபு மாதிரிதான்க்கா.”

“அதுதான் சிஸ்டர் என்னை எட்டாங்கிளாஸ்ல தோக்கடிச்சுது.”

ஆனால் பெயர் பிடித்துவிட்டது. ஐம்பது வருஷமாக யாரும் சரியாகச் சொல்லாத பெயர், இந்தப் பாஷையில் மட்டும் சொந்த வீட்டில் இருப்பதுபோல இருந்தது. அன்று டூட்டிக்குப் போகும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு நடந்தார்.

வாரத்தில் நாலு நாள், காலை டூட்டிக்கு முன்னால் வந்தார். போர்த்தா, வாசல். புயெல்லா, பெண் குழந்தை. மாத்தெர், தாய். மானுஸ், கை. வராத சொல்லை உரக்கக் கூப்பிட்டு அதட்டுவார், வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடுகிற மாதிரி. ஸ்டேஷனில் பழைய படிவங்களின் முதுகில் எழுதிப் பார்த்தார். ஏட்டம்மாவுக்கு மந்திரம் பலித்துவிட்டது, இனிமேல் திருடன் தானாக வந்து சரணடைவான் என்று கான்ஸ்டபிள் பையன்கள் சிரித்தார்கள்.

மூன்றாவது வாரம் பொறுமை போயிற்று.

“எதுக்கு சிஸ்டர் எனக்கு ரோஜாப்பூவும் மாலுமியும் கப்பலும்? என் பக்கத்துல இருக்கற வார்த்தையை மட்டும் சொல்லுங்க. இருபது இருக்குமா? மனப்பாடம் பண்ணிட்டுப் போறேன்.”

“நான் பொறுக்கிக் குடுத்தா, நான் பொறுக்கினதைத்தானே படிப்பீங்க?”

“சரி. ரெண்டே ரெண்டு குடுங்க. குடுத்தாளுக்கு என்ன? எறிஞ்சாளுக்கு என்ன?”

சிஸ்டர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார். “கொடுத்தாள், தெதித். எறிந்தாள், யேச்சித்.”

ஏட்டம்மா இரண்டையும் இரண்டு துண்டுத் தாளில் எழுதி, சட்டைப் பையில் விசிலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் கெட்டது. பரேடில் நிற்கும்போதும் கை பைக்குப் போய்வந்தது. அந்த இரண்டில் ஒன்று பதிவேட்டுக்குள் ஐம்பத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது, எது என்று தெரியவில்லை என்ற பயம்தான்.

“நீங்களாவது அந்தப் பக்கத்தைப் பாத்து வெச்சுக்கலாமே சிஸ்டர்? நான் தப்பாப் படிச்சா திருத்தணும்ல?”

“நான் பாத்துட்டேன்னா என் மூஞ்சி காட்டிக் குடுத்துடும். நீங்க போலீசு.”

அந்தப் பதிவேட்டை சிஸ்டர் வெள்ளை நாடாவால் கட்டி, மற்றவற்றிலிருந்து தனியே வைத்திருந்தார்.

நவம்பர் மழையில் ஓடிப்போனது. டிசம்பர் இரண்டும் வந்து போனது. எண்ணிக்கைகளும் முடிந்தன. செமெல், ஒரு தடவை. பிஸ், இரு தடவை. தெர், மூன்று தடவை. பிறகு விரும்பினேன், விரும்பவில்லை, போனேன், வந்தேன்.

டிசம்பர் நடுவில் வெயில் அடித்த ஒரு காலை, சிஸ்டர் பதிவேடுகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க மேசை முழுக்கப் பரப்பிக் காய வைத்திருந்தார். நாடா கட்டியதும் அதில் இருந்தது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, மாடியில் ஒரு வயதான சிஸ்டர் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சத்தம் கேட்டது. எமரன்சியா ஓடினார்.

அறையில் ஏட்டம்மா மட்டும் இருந்தார். எதிரே நாடா.

முப்பது வருஷம் பிறர் வீட்டுப் பூட்டுகளைத் திறந்த கை. முடிச்சு அவிழ ஒரு நொடி ஆனது. தேதியைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு நொடி. கையெழுத்து நெருக்கமாக, சாய்ந்து, எறும்பு ஊர்வதுபோல இருந்தது. தன் பெயர் தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு வரியின் தொடக்கத்தில் மாத்தெர். தாய். அடுத்த மூன்று சொற்கள் கண்ணில் நிற்கவில்லை. வரியின் கடைசிச் சொல் போன வாரம்தான் படித்தது. நோலுவித். விரும்பவில்லை.

தாய். விரும்பவில்லை.

சிஸ்டர் திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. பாடப் புத்தகம் மேசையில் கிடந்தது, மேலே இரண்டு துண்டுத் தாள்கள். நாடா கட்டித்தான் இருந்தது. ஆனால் முடிச்சு சிஸ்டர் போட்டது இல்லை. காவல் நிலையத்தில் பொருளைக் கட்டி அரக்கு வைக்கப் போடுகிற முடிச்சு.

பத்து நாள் போனது. கிறிஸ்துமஸ் பூசைக்கும் ஏட்டம்மா வரவில்லை. புது வருஷம் பிறந்து நாலாம் நாள், சிஸ்டர் பாடப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடந்தார்.

ஏட்டம்மா வேலையில் இருந்தார். எதிரே ஓர் ஆட்டுக்காரர். மூன்று ஆடு காணவில்லை. அவர் சொன்னதையெல்லாம் எழுதி முடித்து, ஏட்டம்மா தாளை நிமிர்த்தி ஒரே மூச்சில் படித்தார். கடைசி வரியும் வந்தது. “மேற்படி வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன், சரி.”

ஆட்டுக்காரர் தலையாட்டினார். கட்டைவிரலை மையில் தேய்த்து ரேகை வைத்தார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

சிஸ்டர் அவர் எழுந்துபோன ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“அவருக்குப் படிக்கத் தெரியுமா?”

“தெரியாது.”

“நீங்க எழுதினதைத்தான் படிச்சீங்கன்னு அவர் நம்பினாரா?”

“நம்பினா என்ன, நம்பாட்டி என்ன? அவருக்கு வேற வழியில்ல.” ஏட்டம்மா பேனாவை மூடினார். “எதுக்கு வந்தீங்க? நான்தான் படிச்சிட்டேனே. தாய் விரும்பவில்லை. எறிஞ்சிட்டா. தெரசம்மா சொன்னதுதான் சரி. கூடை, மழை, எல்லாம்.”

“அந்த வரியில எத்தனை வார்த்தை இருந்துச்சு?”

“எண்ணல.”

“நீங்க எத்தனை படிச்சீங்க?”

“ரெண்டு. ரெண்டு போதும் சிஸ்டர். ஒரு ஆளோட தலையெழுத்தை மாத்த ரெண்டு வார்த்தை தாராளம். எனக்குத் தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

அக்டோபரில் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை ஜன்னல் பக்கம் பார்க்க முடியவில்லை, அங்கே பையன் ஒருவன் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தான். ஏட்டம்மா அவனை டீ வாங்க அனுப்பினார். அவன் தலை மறைந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“காசாம்புன்னு ஒருத்தி. உப்பளத்துல வேலை. பதினோரு வருஷம் முன்னாடி அவ புருஷன் மோட்டார் கொட்டகையில கரண்டு அடிச்சு செத்தான். அங்கதான் அவ நின்னுருக்கா. என்கிட்டதான் வாக்குமூலம் குடுத்தா. ‘கம்பி தோல் உரிஞ்சு கெடக்குன்னு மேஸ்திரிகிட்ட ரெண்டு தடவை சொன்னோம், அப்படியும் போய் மோட்டாரைப் போடுன்னு அனுப்பினாரு’ன்னு சொன்னா.”

“நீங்க என்ன எழுதினீங்க?”

“‘என் கணவர் கவனக்குறைவாகத் தானே கம்பியைத் தொட்டுவிட்டார்.’ அன்னிக்கு இருந்த இன்ஸ்பெக்டர் அப்படி எழுதச் சொன்னாரு. எழுதினேன்.”

“படிச்சுக் காட்டலையா?”

ஏட்டம்மா மேசையைப் பார்த்தபடி சொன்னார். “காட்டினேன். அவ என்ன சொன்னாளோ அதையே படிச்சேன். ஒரு வார்த்தை பிசகாம. தாள்ல அது இல்ல. அவ அழுதுகிட்டே, ‘சரியாச் சொன்னீங்கம்மா’ன்னு ரேகை வெச்சா.”

டீக்காரன் தூரத்தில் கத்துவது கேட்டது.

“அதோட நகல் அவகிட்ட இருக்கு. பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிருக்கா. படிச்சவங்க நாலு பேர் எடுத்துச் சொல்லிட்டாங்க, இதுல வேற என்னமோ எழுதியிருக்குன்னு. அவ நம்பல. ‘ஏட்டம்மா தன் வாயால எனக்குப் படிச்சுக் காட்டினாங்க, நீங்கள்லாம் உப்பளத்துக்காரன் ஆளுங்க’ன்னு அவங்களோட சண்டைக்குப் போறா. சந்தையில என்னைப் பாத்தா இன்னிக்கும் கும்பிடறா சிஸ்டர். அந்தக் கும்பிடு இருக்கே...”



சிஸ்டர் ஆறுதல் சொல்லவில்லை. பாடப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“வேன் பதினெட்டாம் தேதி காலையில வருது.”

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். வந்த டீயை ஏட்டம்மா குடிக்கவில்லை.

பதினேழாம் தேதி காலை வரை அவர் வரவில்லை. மரப்பெட்டிகள் எல்லாம் ஆணி அடித்தாயிற்று. ஒரு பெட்டி மட்டும் மூடாமல் இருந்தது. பத்து மணிக்கு பூட்ஸ் சத்தம் கேட்டது. ஏட்டம்மாவின் கையில் பாடப் புத்தகம், அதன் முனைகளெல்லாம் மடங்கிக் கசங்கியிருந்தது. தூங்காத கண்.

“எல்லாத்தையும் முடிச்சிட்டேன். மாலுமி, கப்பல், எல்லாத்தையும்.”

சிஸ்டர் பதிவேட்டை எடுத்து வைத்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்தார். பிறகு தன் நாற்காலியைத் திருப்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

ஏட்டம்மா முடிச்சை அவிழ்த்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பழக்கம் விடாமல் இடது பக்கம் ஓரம் மடித்தார். ஒரு சொல்லைப் படிப்பார். அகராதியைப் பார்ப்பார். எழுதுவார். அடிப்பார். மறுபடி எழுதுவார். சிஸ்டருக்குப் பேனாவின் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தடவை அது வெகுநேரம் நின்றது. சிஸ்டர் திரும்பவில்லை. ஜெபமாலையைப் பிடித்த விரல்களை மட்டும் இறுக்கிக்கொண்டார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஏட்டம்மா படித்தார். ஸ்டேஷனில் படிக்கிற மாதிரி ஒரே மூச்சில் இல்லை. ஒவ்வொரு சொல்லாக.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, டிசம்பர் இரண்டாம் நாள், பிபியானா என்ற பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். இவளைத் தாயே வாசலுக்குக் கொண்டுவந்து, வாசல் சிஸ்டரின் கைகளில் கொடுத்தாள்.”

நிறுத்தினார். “தெதித் சிஸ்டர். குடுத்தா.”

“ம்.”

“தாய் தன் பெயரைச் சொல்ல விரும்பவில்லை.” ஏட்டம்மா அந்த வரியின் மேல் மறுபடி விரலை ஓட்டினார். “பேரைச் சொல்லத்தான் விரும்பல. நான் அந்த நடு வார்த்தைங்களை...”

“ம்.”

“கடைசியில ரெண்டு வார்த்தை இருக்கு. மை வேற. பின்னாடி ஒரு நாள் ஞானஸ்நானம் குடுத்த சாமியாரே எழுதிச் சேத்திருக்காரு. தெர் ரெதியித்.” அவர் தாளைப் பார்க்கவில்லை, பதிவேட்டையே பார்த்தார். “மூன்று முறை திரும்பி வந்தாள்.”

ஏட்டம்மா அழுதார். காக்கிச் சட்டைக்குப் பொருந்தாத அழுகை, சத்தம் போட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுத அழுகை. பின்பக்கப் பள்ளியில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது நின்று, மறுபடி தொடங்கியது.

பிறகு கேட்டார். “நாலாவது தடவை ஏன் வரல?”

“அது இதுல இல்லக்கா.”

ஏட்டம்மா தலையாட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். கை தன் பாட்டுக்குத் தாளின் அடியில் எழுதத் தொடங்கியது. மேற்படி எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். அங்கே வந்ததும் பேனா நின்றது. கடைசி நான்கு சொற்களை ஒரே கோடாக அடித்தார். படித்துப் பார்த்தேன், சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

போட்டுவிட்டு, அடித்த சொற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர். நானே காசாம்புகிட்டப் போய் உண்மையைச் சொல்லிட்டா?”

“சொல்லத்தான் வேணும்.”

“நம்புவாளா?”

“ஏற்கெனவே ஒரு தடவை உங்க வாயால கேட்டிருக்காங்க.”

 சிஸ்டர் எழுந்து பள்ளிக்கூடத்துப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சிலேட்டும் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகமும் இருந்தன. அட்டையில் ஓர் அணில். அவற்றை லத்தீன் புத்தகத்தின் மேல் வைத்தார்.

ஏட்டம்மா அதைத் தொடவில்லை.

“அவளுக்கு அம்பது தாண்டிருச்சு.”

“உங்களுக்கும்தான்.”

“அவ படிக்கக் கத்துக்கிட்டா, முதல்ல அந்த நகலைத்தான் எடுப்பா.”

“ஆமா.”

“எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு சிஸ்டர். அந்தத் தாளோட அடியில, எழுதிப் படித்துக் காட்டியவர்னு போட்டு, என் பேர் இருக்கு.”

சிஸ்டர் எமரன்சியா பதிவேட்டை மூடினார். நாடாவைக் கட்டி, கடைசிப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு சிலேட்டை எடுத்து, ஏட்டம்மாவின் கையில் கொடுத்தார்.

“அப்ப அந்தப் பேர்லேர்ந்தே ஆரம்பிங்க.”